லியாண்டர் வார்த்த வெள்ளிக் குண்டு

என் பெரியப்பா லியாண்டருக்குக் எங்கள் மலையூரான கரடிக்கால் ஓடையில் யாரையும் பிடிக்காது. ஓடைக்கும் அவரைப் பிடிக்காது. ஆனாலும் இறைச்சிப் போட்டி நடக்கும் நாட்களில் அவர் துப்பாக்கியோடு வந்தால் கூட்டம் விலகி வழிவிடும். கோல்மனின் மாவு மில் வாசலில் பரிசுக்கென ஒரு காளையைக் கட்டி வைத்து, ஆளுக்கொரு பலகையை எதிர்ச் சரிவில் நட்டுச் சுடுவார்கள். நடுப்புள்ளிக்கு மிக அருகில் சுட்டவனுக்குப் பின் தொடை. கடைசியில் நிற்பவனுக்குத் தோலும் கொழுப்பும். பெரியப்பா பின் தொடையைத் தவிர எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது கிடையாது. தோற்றவனிடம், "அடுத்த தடவ உன் பொண்டாட்டிய அனுப்புடா, அவளாச்சும் சுடுவா" என்று சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பியதும் கிடையாது.

என் அப்பா அவருடைய கூடப் பிறந்த தம்பி. ஒரு வாதுமை மரம் யாருடையது என்ற சண்டையில், நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிறகு மரத்தை இடி விழுந்து எரித்தது. பேச்சு திரும்பவில்லை. பெரியம்மா ஜெருஷாவுக்காக நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் மலை இறங்கிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதையும் அவர் விடவில்லை. வாசலில் என்னைக் கண்டதும், "வாம்மா, படிச்ச கழுத" என்பார். அவர் வாயிலிருந்து வந்தவற்றில் அதுதான் அன்பான வார்த்தை என்று பெரியம்மா சொல்வாள்.

சுரங்கம் மூடிய வருடம் வசந்தத்தில் அவருக்குக் குறி தப்பியது. முதல் போட்டியில் முன் தொடைதான் கிடைத்தது. அடுத்ததில் தோல். அதற்கு அடுத்ததில் அவர் அமைதியாக மூச்சைப் பிடித்து, அமைதியாக விசையை இழுத்து, பக்கத்து ஆளின் பலகையில் சுட்டார். நடுப்புள்ளியில்தான் சுட்டார். யார் என்ன சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் நின்றபோது ஆர்லீனா மட்டும் சிரித்தாள்.

ஆர்லீனா ஓடைக்கு அந்தக் கரையில், பெரியப்பா வீட்டுக்கு நேர் எதிரே இருந்தாள். கணவன் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. களிமண் புகைக்குழாயைப் பல்லில் கடித்தபடியே பேசுவாள். வேலிக் கம்பு நகர்ந்தது, கோழி செத்தது என்று அவளுக்கும் பெரியப்பாவுக்கும் எப்போதும் ஏதாவது ஒரு வழக்கு இருக்கும். ஆனால் ஓடையில் யாருக்குத் தீக்காயம் பட்டாலும் அவளிடம்தான் ஓட வேண்டும். அவள் தீ இறக்குவாள். காயத்தின் மேல் குனிந்து, வாய்க்குள் எதையோ சொல்லி, மெல்ல ஊதுவாள். எரிச்சல் இறங்கிவிடும். அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. காயம் பட்டவனே வாய் திறந்து கேட்க வேண்டும். குணமான பிறகு அவளுக்கு நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் தீ திரும்பி வந்துவிடும்.

அவள் சிரித்த மறுவாரம் பெரியப்பாவின் மாடு ரத்தம் கலந்த பால் கறந்தது. அவருக்கு அது போதும்.

"துப்பாக்கிக்குச் சூனியம் வச்சிருக்கா. மாட்டுக்கும் வச்சிருக்கா" என்று மில் வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"யாருண்ணே?" என்றான் கோல்மன், தெரியாதவன் போல.

"பேர நான் சொல்ல மாட்டேன். அவளே வந்து சொல்லுவா. வியாழக்கிழமை உச்சில படத்த வரைஞ்சு வெள்ளிக் குண்டால சுடப் போறேன். ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள எவ வீடு தேடி வந்து இரவல் கேக்குறாளோ, அவதான்."

எங்கள் மலையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சூனியக்காரியின் படத்தை வெள்ளியால் சுட்டால் அந்த இடத்தில் அவளுக்கு வலிக்கும். வலி தாங்காமல் சுட்டவன் வீட்டுக்கு உப்போ, மாவோ, ஒரு ஊசியோ கேட்டு வருவாள். கொடுத்துவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள். கொடுக்காவிட்டால் சூனியம் உடையும், ஊருக்கும் ஆள் தெரிந்துவிடும். பக்கத்து ஓடையில் ஒருத்தியை அப்படித்தான் அடையாளம் காட்டினார்கள். மில்லில் அவள் சோளத்தை அரைத்துக் கொடுக்க மறுத்தார்கள். அவள் குடிக்கும் ஊற்றில் செத்த நாயைப் போட்டார்கள். பனி விழும் முன் அவள் போய்விட்டாள். அவள் வீட்டுக் கதவு இன்று யாரோ ஒருவரின் பன்றித் தொழுவத்தில் ஆடுகிறது. பெரியப்பா பெயரைச் சொல்லாவிட்டாலும் கூட்டம் முழுவதும் அந்தக் கதவைத்தான் நினைத்தது. எல்லோரும் ஆர்லீனாவைப் பார்த்தார்கள். அவள் புகைக்குழாயை எடுத்துத் தரையில் தட்டினாள்.

"வெள்ளிக்கு எங்க போவ, லியாண்டரு? உன் பல்லுகூட மஞ்சளாச்சே" என்றாள்.

வெள்ளி பெரியம்மாவிடம் இருந்தது. ஊசியைத் தள்ள நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் விரல்மூடி. அந்த வீட்டில் வேறு வெள்ளி கிடையாது. வியாழக்கிழமை காலை நான் போனபோது அது மேசைமேல் இருந்தது. பெரியம்மா அதற்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"பாதி போர்வ தச்சுக் கெடக்கு. ஊசிய என் நாக்கால தள்ளவா?"

"மாடு ரத்தம் பீச்சுது. உனக்குப் போர்வ கேக்குதா?"

"மாட்டு மடியில முள்ளு குத்தியிருக்குய்யா. நான் பாத்தேன்."

"முள்ள யாரு அனுப்பினா?"

பெரியம்மா மேசையை விட்டு விலகினாள். இந்த வழக்கத்தைக் கல்லூரியில் சொன்னால் சிரிப்பார்கள். கல்லூரியில் சிரித்தார்கள் என்று ஓடையில் சொன்னால் முறைப்பார்கள். இரண்டு இடங்களிலும் நான் பேசாமல் இருக்கப் பழகியிருந்தேன். அது அடக்கமா, கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஈயம் வார்ப்பது பெரியப்பாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. சமையலடுப்பில் கரண்டியை வைத்தால் வெண்ணெய் போல உருகும். இடுக்கி போன்ற இரும்பு அச்சில் ஊற்றி, திறந்து தட்டினால் குண்டு விழும். அச்சு மிகவும் சூடேறினால் வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. வெள்ளி அப்படி வழிக்கு வரவில்லை. முந்தின நாள் அடுப்பில் வைத்துப் பார்த்ததில், விரல்மூடி கறுத்ததே தவிர இளகவில்லையாம். அதனால் கொல்லையில் ஒரு குழி வெட்டி, களிமண் பூசி, அடுப்புக்கரி போட்டுத் துருத்தியை வைத்திருந்தார். துருத்தியைப் பெரியம்மா அழுத்தினாள். அழுத்திய ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் ஒரு வசவு.

விரல்மூடியைச் சுத்தியலால் நசுக்கித் தடித்த இரும்புக் கரண்டியில் போட்டார். சீக்கிரம் உருகட்டும் என்று மேலே துணி வெளுக்க வைத்திருந்த வெங்காரத்தில் ஒரு சிட்டிகை. கரி வெளுத்து எரிந்து, எங்கள் முகம் காய்ந்து, பெரியம்மா இரண்டு தடவை கை மாற்றிய பிறகு, வெள்ளி திடீரென்று உருண்டு ஒரு கண்போலப் பளபளத்தது. பெரியப்பா எடுத்து ஊற்றினார். அச்சு குளிர்ந்திருந்தது. வெள்ளி பாதி வழியிலேயே உறைந்து சுருங்கிப்போய், காய்ந்த பட்டாணி போல ஒன்று அச்சில் சிக்கிக்கொண்டது. அச்சின் வாய் பிரியவில்லை. பழக்கதோஷத்தில் அச்சை வாளியில் முக்கினார். பிரிந்தது. பட்டாணியை மறுபடி கரண்டியில் தட்டிவிட்டு, அச்சை உதறி, முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"காஞ்சிருச்சு" என்றார்.

காயவில்லை. இரண்டாவது தடவை ஊற்றியதும் அச்சுக்குள்ளிருந்து பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். வெள்ளி திரும்பி எகிறி அவருடைய வலது மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் விழுந்தது. அவர் கத்தவில்லை. கரண்டியையும் விடவில்லை. பெரியம்மாதான் கத்தினாள்.

"விடுய்யா! போதும் விடு! ஆர்லீனாகிட்ட ஓடு!"

சொன்ன பிறகுதான் யார் பெயரைச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பெரியப்பா அவளைப் பார்த்த பார்வையில் துருத்தி தானாக நின்றது.

"சாம்பல்ல சிந்துனதப் பொறுக்குடி" என்றார்.

பொறுக்கினாள். பன்றிக் கொழுப்பைத் தடவிக் கையில் துணி சுற்றிவிட்டாள். மூன்றாவது தடவை, அச்சையும் நெருப்பில் காட்டிச் சூடாக்கி, இடது கையால் ஊற்றினார். குண்டு விழுந்தது. அம்மைத் தழும்பு மாதிரி ஒரு பக்கம் குழி. ஊற்றிய வாயில் ஒட்டி நீண்டிருந்த வாலை அரத்தால் தேய்த்தபோது பல் கூசியது.

உச்சிக்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது போலத்தான் எல்லோரும் வந்தார்கள். பெரியப்பா ஒரு பலகையில் கரியால் படம் வரைந்தார். ஒரு வட்டம், ஒரு கொண்டை, ஒரு மூக்கு, வாயிலிருந்து நீண்ட ஒரு புகைக்குழாய். இடது கையால் வரைந்ததாலோ என்னவோ, பலகை கொள்ளாத அளவுக்கு முகம் பெரிதாக இருந்தது. ஆர்லீனா அக்கரையில் தன் முற்றத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மூக்க இன்னும் கொஞ்சம் நீட்டு! அப்பத்தான் உனக்குப் படும்!" என்று அங்கிருந்து கத்தினாள்.

இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியப்பா திரும்பிப் பார்த்ததும் இருமினார்கள்.

பலகையைச் சரிவில் இருந்த பீச் மரத்தில் ஆணியால் அடித்தோம். அவர் மண்டியிட்டு, துப்பாக்கியை வேலிமேல் சாய்த்துச் சுட்டார். கட்டுப்போட்ட கையாலேயே விசையை இழுத்தார். ஈயம் போல வெள்ளி துப்பாக்கிக் குழாயைக் கவ்வாது, அதன் போக்கு வேறு. குண்டு பலகையின் மூலையைச் சிராய்த்துக்கொண்டு மரத்தில் புதைந்தது. கொண்டை, மூக்கு, புகைக்குழாய் எல்லாம் அப்படியே இருந்தன.

கோல்மன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "பலகைக்கு வலிக்கும்ணே" என்றான்.

"பட்டுச்சுல்ல? பட்டாப் போதும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம்" என்றார் பெரியப்பா.

அதன் பிறகு ஓடையில் நடந்தது எந்தப் போட்டியையும் விட வேடிக்கை. எங்கள் ஓடையில் இரவல் இல்லாமல் ஒரு நாள் நகராது. சாயங்காலம் அணைந்துபோன அடுப்புக்குத் தணல், ரொட்டிக்கு ஒரு கை சோள மாவு, ஒரு கோப்பை உப்பு, ரம்பம், கோவேறு கழுதை என்று எல்லாமே கை மாறிக்கொண்டே இருக்கும். வியாழக்கிழமை மத்தியானத்தோடு எல்லாம் நின்றது. லியாண்டர் வாசலுக்குத்தான் போகக் கூடாது. ஆனால் யாரும் யார் வாசலுக்கும் போகவில்லை. இரவல் கேட்பதே குற்றம் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் உப்பில்லாமல் சாப்பிட்டோம். என் அம்மா பக்கத்து வீட்டில் கேட்கலாம்தான். போகச் சொல்லி என்னைப் பார்த்தாள். படித்தவள் நான்தானே, இதையெல்லாம் நம்பாதவள். நானும் எழுந்திருக்கவில்லை.

பெரியம்மா விரல்மூடி இல்லாமலே தைத்துக்கொண்டிருந்தாள். நடுவிரல் நுனியில் ஊசியின் பின்பக்கம் குத்திக் குத்திப் புண்ணாகி, போர்வையில் அங்கங்கே சிவப்பு. விரல்மூடி இரவல் கேட்க அவளுக்கு இருந்த ஒரே வீடு அக்கரை வீடு.

சனிக்கிழமை பெரியப்பாவின் கை முழங்கை வரை வீங்கியது. துணியை அவிழ்த்தால் நாற்றம். அவர் சாப்பிடவில்லை. சாப்பிடச் சொன்ன பெரியம்மாவை வைதார். என்னை வைதார். மாட்டை வைதார்.

"போய் ஒரு வார்த்த கேளுய்யா" என்றாள் பெரியம்மா. "கை போயிரும்."

"போகட்டும்."

"போனா எதால சுடுவ?"



ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தேவாலயத்துக்கு வெளியே மரத்தடியில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். கோழி வறுவலும் பீன்ஸும் சோள ரொட்டியும் பரப்பியிருந்தார்கள். ஆர்லீனா உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. அவள் கொண்டுவந்த பாத்திரத்தில் யாரும் கரண்டி போடவில்லை. அவள் தன் பீன்ஸைத் தானே பரிமாறிக்கொண்டு, தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாய இன்னும் வெகுநேரம் இருந்தது. யாராவது கேட்டு வருவதற்கு இன்னும் இடம் இருந்தது.

அப்போதுதான் பெரியப்பா எழுந்தார். நடை தள்ளாடியதால் நான் போய் முழங்கையைப் பிடித்தேன். உதறுவார் என்று நினைத்தேன். உதறவில்லை. எல்லோருடைய தட்டையும் தாண்டி ஆர்லீனாவின் முன்னால் போய் நின்றோம்.

அவள் ஒரு பீன்ஸை மென்று விழுங்கினாள். "என்ன லியாண்டரு, கல்லறைக்கு வழி கேக்க வந்தியா?"

"கை."

"கையின்னு தெரியுது. நாறுதே. அதுக்கென்ன?"

"தீ எறக்கணும்."

"யாரு?"

பெரியப்பா பல்லைக் கடித்தார். "நீதான்."

"அப்ப கேளு. வாய் தொறந்து கேக்கணும். சட்டம் நான் போட்டதில்ல, என் அத்தைக்கு அத்தை போட்டது."

ஒரு நிமிடம் அவர் திரும்பி நடந்துவிடுவார் என்றுதான் இருந்தது. பிறகு, "என் கையில தீ எறக்கித் தா" என்றார். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

ஆர்லீனா உடனே கையைத் தொடவில்லை. "கோல்மா, பொழுது சாஞ்சிருச்சா?" என்று கூப்பிட்டாள்.

"இல்லத்தே, உச்சந்தலையிலதான் நிக்குது."

"ஜெருஷா, இத்தன நாள்ல உன் வாசலுக்கு யாராச்சும் எதாச்சும் கேட்டு வந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரல" என்றாள் பெரியம்மா. அவள் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

"அப்ப நல்லாப் பாத்துக்குங்க எல்லாரும். வெள்ளியால சுட்டதுக்கு அப்புறம் இந்த ஓடையிலேயே இன்னொருத்தர்கிட்டக் கேட்டு வந்த மொத ஆளு இந்தா நிக்குது. கொண்டதான் இல்ல, படத்துல இருக்குற மாதிரி."

முதலில் சிரித்தது கோல்மன். கோழி எலும்பு தொண்டையில் மாட்டி அவன் முதுகில் நாலு பேர் குத்த வேண்டியிருந்தது. பிறகு எல்லோரும். அவரிடம் தோற்ற ஒவ்வொருவனும் அத்தனை வருடத்துக்கும் சேர்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் நல்லது எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சற்று முன்வரை ஆர்லீனாவின் கதவை எந்தத் தொழுவத்துக்கு மாட்டலாம் என்று பார்த்தவர்கள்தான் சிரித்தார்கள்.

"நீ செத்தா உன் குழிக்கு ஒரு பிடி மண்ணு போட மாட்டேன்டி" என்றார் பெரியப்பா.

"போடாத. இப்பக் கைய நீட்டு. வையறத அப்புறம் வை. வாய் அசைஞ்சா எறங்காது."

துணியை அவிழ்த்து, வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் குனிந்தாள். உதடு அசைந்தது. ஊதினாள். கையிலிருந்து வெளிப்பக்கமாக, தூசியைத் தள்ளுவது போல ஊதினாள். மூன்றாவது முறை ஊதிவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகம் அவர் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. அவர் கண்களைப் பார்த்தாள். அந்த வெயிலில் நானும் பார்த்தேன். இரண்டு கறுப்பு மணியிலும் பால் படர்ந்தது போல வெள்ளை.

"துப்பாக்கிக்கு ஒண்ணுமில்ல, லியாண்டரு" என்றாள், எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி. "நீ அடுத்தவன் பலகையச் சுட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"வாய மூடு."

"தொறக்குறதா இருந்தா அன்னைக்கே தொறந்திருப்பேன். சிரிச்சதோட விட்டேன்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. சொல்லக் கூடாது. கரடிக்கால் ஓடையில் அந்தக் கட்டுப்பாட்டை அவரளவுக்கு மனப்பூர்வமாக யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

கை ஆறியது. அவள் ஊதியதால் ஆறியதா, அன்றே பெரியம்மா உட்காரவைத்துச் சீழைக் கழுவியதால் ஆறியதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு விரல்கள் மட்டும் உள்பக்கமாக வளைந்து நின்றுவிட்டன. துப்பாக்கியை அவர் சுவரில் மாட்டினார். "சூனியம் அத விட்டுப் போகல" என்பார் யார் கேட்டாலும். வைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு வரும். அதனால் ஆர்லீனாவின் சோளம் மில்லில் அரைபட்டது. அவள் ஊற்றில் தண்ணீர் சுத்தமாக இருந்தது. பெரியம்மா பீச் மரத்தைக் கத்தியால் குடைந்து குண்டை எடுத்து, சுத்தியலால் தட்டித் தகடாக்கி, ஒரு தோல்துண்டில் வைத்துத் தைத்து விரலில் மாட்டிக்கொண்டாள். அந்தக் குண்டு செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான் என்றாள்.

பெரியப்பாவும் ஆர்லீனாவும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வேலித் தகராறைக்கூட ஆள் விட்டுத்தான் நடத்தினார்கள்.

நான் கல்லூரி முடித்து, ஓடைப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்ல வந்த குளிர்காலத்தில் ஆர்லீனா செத்துப்போனாள். அடக்கத்துக்குப் பெரியப்பா வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரியம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அப்போது அவருக்கு ஆள் நிழல் மட்டும்தான் தெரியும். எங்கள் வழக்கப்படி குழியைச் சுற்றி நிற்கும் ஒவ்வொருவரும் செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். கோல்மன் சொன்னான். நான் சொன்னேன். அவர் முறை வந்தது. பெரியம்மா அவர் விலாவில் இடித்தாள். அவர் வளைந்த விரல்களால் தொப்பியைக் கழற்றினார்.

"அவ சட்டப்படி நான் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார்.

தொப்பியைப் போட்டுக்கொண்டார். சொன்னபடியே மண் போடவில்லை. திரும்பி வரும் வழியில், ஆர்லீனாவின் வேலி வந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். வந்துவிட்டது என்றேன். வழக்கம்போல நின்று, அந்தப் பக்கம் திரும்பித் துப்பினார். வேலியில் படவில்லை.